போட்டி எதைப் பாடச் சொல்கிறது?



பாட்டுப் போட்டிகளால் இசை வளர்கிறதா, தேய்கிறதா என்பது இந்தக் கருத்தரங்கின் கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் வெற்றியாளர்களைப் பற்றியும் நீதிபதிகளைப் பற்றியும் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் போட்டியின் விதிமுறைத் தாள்.

ஒரு போட்டியில் யார் கோப்பையை வாங்கினார் என்பது பத்து ஆண்டுகளில் மறந்து போகும். ஆனால் எந்தப் பாட்டைக் கட்டாயம் பாட வேண்டும் என்று அந்தப் போட்டி விதித்ததோ, அந்தப் பாட்டு நிலைத்து நின்றுவிடும். இதற்கு நம் வீட்டுக்குள் சான்று தேடும் முன், கொஞ்சம் தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ரஷ்யம், உக்ரேனியம், போலிஷ், செக் ஆகிய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை ஸ்லாவ் மொழிகள் என்பார்கள். இந்த மொழிகளில் பிறந்த ஓபரா பாடல்கள் உலக மேடைக்கு வந்த கதைதான் நான் சொல்லப் போவது.

ஓபரா என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வசனம் ஏறக்குறைய முழுவதும் பாட்டாகவே அமைந்த நாடகம் அது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையையும் அறிந்த சமுதாயம் நாம். கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்வது நமக்குப் புதிதல்ல. ஓபராவில் ஒலிபெருக்கி கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவர் காது வரை பாடகரின் சொந்தக் குரலே போய்ச் சேர வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு போட்டி பெற்ற பிள்ளை

இந்தக் கலை 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பிறந்தது. அதனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பாடுவதற்கு ஏற்ற மொழி இத்தாலியம்தான் என்ற எண்ணம் ஐரோப்பா முழுவதும் வேரூன்றி இருந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் போராடி இடம் பிடித்தன. செக் மொழியை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. அன்றைய பிராக் நகரம் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. அலுவலகமும் மேல்தட்டு வீடுகளும் ஜெர்மன் பேசின. செக், சமையற்கட்டிலும் வயல்வெளியிலும் பேசும் மொழியாகவே பார்க்கப்பட்டது.

இந்த நிலையில் 1861இல் ஹாராக் என்ற பிரபு ஒரு போட்டியை அறிவித்தார். செக் மொழியில் இரண்டு ஓபராக்கள் வேண்டும். ஒன்று நாட்டின் வரலாற்றைச் சொல்ல வேண்டும், மற்றொன்று மக்கள் வாழ்க்கையைச் சொல்லும் நகைச்சுவைக் கதையாக இருக்க வேண்டும். இதுதான் விதி. அதில் கலந்துகொள்ள முன்வந்தவர்களில் ஒருவர் பெட்ரிக் ஸ்மெட்டனா. வேடிக்கை என்னவென்றால், அவர் ஜெர்மன் மொழியில் படித்து வளர்ந்தவர். நாட்குறிப்பைக்கூட ஜெர்மனில்தான் எழுதினார். நாற்பது வயதை நெருங்கும் நேரத்தில், பள்ளிப் பிள்ளையைப் போல இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தம் தாய்நாட்டு மொழியை முறையாகக் கற்றார்.

அவருடைய 'போஹீமியாவில் பிராண்டன்பர்க் வீரர்கள்' என்ற ஓபரா 1866 ஜனவரியில் மேடையேறியது. பரிசையும் வென்றது. அதே ஆண்டு மே மாதம் கிராமத்துக் கல்யாணப் பேச்சை வைத்து அவர் எழுதிய 'விற்கப்பட்ட மணப்பெண்' வந்தது. இன்றும் செக் மக்கள் தங்கள் சொந்தச் சொத்தாகக் கொண்டாடும் ஓபரா அதுதான். ஒரு போட்டியின் விதி ஒரு மனிதரைத் தம் மொழிக்குத் திரும்பி வர வைத்தது. அந்த மனிதர் ஒரு நாட்டுக்கு அதன் இசையைக் கொடுத்தார்.

மக்கள் அதற்கு என்ன கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செக் மொழிக்கென்று ஒரு தேசிய நாடக அரங்கைக் கட்ட ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். 1881 ஜூன் 11ஆம் நாள் ஸ்மெட்டனாவின் 'லிபுஷே' ஓபராவோடு அரங்கம் திறந்தது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 12ஆம் நாள், தீயில் எரிந்தது. மக்கள் ஓய்ந்துவிடவில்லை. 47 நாட்களில் பத்து லட்சம் கில்டர் திரட்டினார்கள். 1883 நவம்பரில் அரங்கம் மீண்டும் திறந்தது. 'தேசம் தனக்குத்தானே தந்தது' என்ற பொருளில் அதன் மேடைக்கு மேலே பொறித்த சொற்களை இன்றும் காணலாம். அந்த நேரத்தில் ஸ்மெட்டனாவுக்குக் காது கேட்காது. 1874லேயே செவித்திறனை இழந்திருந்தார்.

ரஷ்யாவில் நடந்தது

ரஷ்யாவின் நிலைமை வேறு. அது ஆளும் பேரரசு. ஆனாலும் அரண்மனையின் காது இத்தாலியப் பாட்டுக்கே பழகியிருந்தது. 1836இல் மிகாயில் கிளிங்கா 'ஜாருக்காக ஓர் உயிர்' என்ற ஓபராவை ரஷ்ய மொழியில் தந்தார். அந்த வெற்றிக்குப் பிறகும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இத்தாலியக் குழுவுக்குத்தான் ராஜ உபசாரம். 1862இல் இத்தாலியின் வெர்டியை வரவழைத்து, அவருடைய புதிய ஓபராவை அங்கேயே முதன்முதலாக அரங்கேற்றினார்கள்.

புஷ்கின் எழுதிய 'யெவ்கேனி ஒனேகின்' கவிதைப் புதினத்தைச் சைக்கோவ்ஸ்கி ஓபராவாக்கினார். அதை 1879இல் மாஸ்கோவில் முதன்முதலாகப் பாடியவர்கள் பெரிய நட்சத்திரங்கள் அல்லர். இசைக்கல்லூரி மாணவர்கள். ஆடம்பரம் இல்லாமல், இளம் குரல்களில் அது ஒலிக்க வேண்டும் என்று சைக்கோவ்ஸ்கியே விரும்பினார். நம் ஜொகூரின் மாநிலப் பண்ணுக்கு மெக்கர்டிச் கலிஸ்தான் என்ற ஆர்மீனிய வாத்தியக் குழுத் தலைவர் இசையமைத்ததும் அதே 1879இல்தான். மேலை இசை அப்போதே ஜொகூர் நீரிணையைத் தொட்டுவிட்டது என்பதை நம் ஊர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த 'ஒனேகின்' ஓபராவில், துப்பாக்கிச் சண்டையில் சாகப் போகிறோம் என்று உணர்ந்த இளங்கவிஞன் லென்ஸ்கி பாடும் ஒரு பாட்டு உண்டு. தத்தியானா என்ற பெண் இரவு முழுவதும் விழித்திருந்து காதல் கடிதம் எழுதும் காட்சி உண்டு. இன்றைக்கு உலகப் போட்டிகளில் ஆண் குரலும் பெண் குரலும் தம் திறத்தைக் காட்ட எடுக்கும் பாடல்களில் இவை இரண்டும் அடங்கும். செக் நாட்டு அந்தோனின் ட்வோர்ஷாக் 1901இல் தந்த 'ருசால்கா'வில், நீருக்குள் வாழும் பெண் நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டும் அப்படித்தான். மனிதனைக் காதலித்த அவள், மனித உருவம் பெறுவதற்குத் தன் பேச்சையே விலையாகக் கொடுக்கிறாள். ஓபராவின் நாயகியே ஊமையாகிவிடும் கதை அது!

மாஸ்கோ முதல் கார்டிஃப் வரை

இந்தப் பாடல்கள் ஊர் எல்லையைத் தாண்டியதில் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மாஸ்கோவில் 1958இல் பியானோவுக்கும் வயலினுக்கும் சைக்கோவ்ஸ்கி பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில், பியானோ பிரிவில் வான் கிளைபர்ன் என்ற அமெரிக்கர் வென்றது உலகச் செய்தியானது. 1966இல் வாய்ப்பாட்டுப் பிரிவும் சேர்ந்தது. முதல் முறையே பெண்கள் பிரிவில் ஜேன் மார்ஷ் என்ற அமெரிக்கர் முதல் பரிசு பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது விதி. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சைக்கோவ்ஸ்கியின் பாடலைப் பாடியாக வேண்டும், ரஷ்ய ஓபராவைத் தொட்டாக வேண்டும். செக் நாட்டின் கார்லோவி வாரி நகரில் 1966இல் ட்வோர்ஷாக் பெயரால் ஒரு போட்டி தொடங்கியது. போலந்தின் வார்சாவில், 'ஹல்கா' என்ற தேசிய ஓபராவை எழுதிய மொனியுஷ்கோவின் பெயரால் 1992இல் மரியா ஃபோல்டின் என்ற பாடகி ஒரு போட்டியைத் தொடங்கினார். தம் நாட்டு ஓபராவை வெளிநாட்டு மேடைகளில் ஏற்றப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் அவர். ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்வதைவிட, உலகத்து இளம் பாடகர்களை வரவழைத்து நம் பாட்டைப் பாட வைப்பது எளிய வழி என்பதை இந்தப் போட்டிகள் காட்டின.

பொதுப் போட்டிகளிலும் இந்தப் பாடல்கள் புகுந்தன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப் நகரில் 1983இல் பிபிசி ஒரு போட்டியைத் தொடங்கியது. 1989இல் அங்கே இரண்டு குரல்கள் மோதின. ஒருவர் உள்ளூர்க்காரர் பிரின் டெர்ஃபெல். மற்றவர் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரிலிருந்து வந்த திமித்ரி ஹுவரஸ்தோவ்ஸ்கி. தொலைக்காட்சி பார்த்த பெரும்பாலோர் அதுவரை அவர் பெயரைக் கேட்டதில்லை. இறுதிச் சுற்றில் அவர் வெர்டியின் பாட்டோடு சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி' ஓபராவிலிருந்தும் பாடினார். பட்டம் அவருக்குப் போயிற்று. தனிப்பாடல் பரிசு டெர்ஃபெலுக்குக் கிடைத்தது. இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். 2017இல் ஹுவரஸ்தோவ்ஸ்கி நோயால் மறைந்தபோது, ரஷ்யப் பாடலை மேற்கத்திய வீடுகளின் வரவேற்பறைக்கே கொண்டுபோனவர் என்று உலகம் அவரை நினைவுகூர்ந்தது.

ஆசியக் குரல்கள்

அடுத்த கட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் சைக்கோவ்ஸ்கி போட்டியின் வாய்ப்பாட்டுப் பிரிவில் ஆண், பெண் இரண்டு முதல் பரிசுகளையும் தென்கொரியர்கள் தட்டிச் சென்றார்கள். பார்க் ஜோங்மின், சோ சன்யோங் என்பன அவர்கள் பெயர்கள். 2015இல் மங்கோலியாவின் அரியுன்பாத்தர் கன்பாத்தர் ஆண்கள் பிரிவில் வென்றதோடு, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான கிராண்ட் பிரி விருதையும் பெற்றார். 2021இல் கார்டிஃப் பட்டத்தை வென்றவரும் கொரியரே. அவர் கிம் கிஹூன்.

இவர்கள் பிறந்தபோது ரஷ்யம் பேசியவர்கள் அல்லர். பிறகு எப்படி? உழைப்புதான். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு உச்சரிப்பு ஆசிரியரிடம் உட்கார்ந்து பாட்டை வசனம்போல் பேசிப் பழகுகிறார்கள். அதன் பிறகுதான் ராகம். ரஷ்ய மொழியில் நம் குற்றியலுகரத்தை ஒட்டி ஒலிக்கும் உயிரெழுத்து ஒன்று உண்டு. மெய்யெழுத்துகள் வன்மையாகவும் மென்மையாகவும் இருவகையில் ஒலிக்கும். மாற்றி ஒலித்தால் பொருளே மாறிவிடும். செக் மொழியில், ட்வோர்ஷாக்கின் பெயருக்குள்ளேயே இருக்கும் ஓர் எழுத்து பிற நாட்டவர் நாவுக்கு எளிதில் வசப்படாது. அவர்களுக்கு அது, நமக்கு 'ழ'கரம். செக் நாட்டு இசையமைப்பாளர் யனாச்செக், சந்தையிலும் தெருவிலும் மக்கள் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கத்தை இசைக்குறிப்பாகவே எழுதி வைத்து, அதிலிருந்து தம் ஓபரா நடையை உருவாக்கினார். 1904இல் வந்த 'யெனூஃபா' அதற்குச் சான்று. அப்படி எழுதிய பாட்டில் மொழியை மாற்றினால் மெட்டு பாதி செத்துவிடும்.

நம் பக்கத்து மண்ணோடு தொடர்புள்ள ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். ஷான் பணிக்கர், இலங்கையிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய திறன் போட்டியில் மூவர் குழுவோடு பாடி இறுதிச் சுற்று வரை வந்தார். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'சத்யாகிரகா' என்ற ஓபராவில் காந்தியடிகளாகவே நடித்தார். அதில் பாடியது சமஸ்கிருதம். 2024இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில், புரோகோஃபியெவின் 'சூதாடி' ஓபராவில் கதாநாயகன் அலெக்ஸேய் வேடம் ஏற்றார். பாடியது ரஷ்ய மொழி. தஸ்தயேவ்ஸ்கியின் அந்தச் சிறு நாவலைத் தமிழில் படித்து ரசித்த வாசகர்கள் நம்மிடையே உண்டு. அதன் கதாநாயகனை, இலங்கைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் மூல மொழியிலேயே பாடினார் என்பதை அவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

மறுபக்கமும் உண்டு

போட்டிகள் எல்லாம் புனிதமானவை என்று நான் சொல்ல வரவில்லை. நிலவுப் பாட்டையும் லென்ஸ்கி பாட்டையும் எல்லாரும் பாடிப் பாடி, மற்ற நூற்றுக்கணக்கான பாடல்கள் மூலையில் கிடக்கின்றன. அரசியலும் புகுந்துவிடுகிறது. உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து, 2022 ஏப்ரலில் பன்னாட்டு இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு சைக்கோவ்ஸ்கி போட்டியைத் தன் உறுப்பியத்திலிருந்து நீக்கியது.

ஸ்லாவ் மொழிகளுக்குள்ளேயே பெரியது சிறியதை அமுக்கிய கதையும் உண்டு. 1876இல் ரஷ்யப் பேரரசர் உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதற்கும் நாடகம் போடுவதற்கும் தடை விதித்தார். இசைக்குறிப்புகளின் கீழே உக்ரேனியச் சொற்களை அச்சிடவும் அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் மிகோலா லிசென்கோ என்பவர் 'தாராஸ் புல்பா' ஓபராவை உக்ரேனிய மொழியில் எழுதினார். ரஷ்ய மொழிக்கு மாற்றினால் பெரிய மேடை கிடைக்கும் என்ற நிலையிலும் அவர் இசையவில்லை என்பார்கள். 1912இல் அவர் இறந்தார். ஓபரா 1924இல்தான் மேடை கண்டது. இன்று கீவ் நகரில் அவர் பெயராலேயே பன்னாட்டு இசைப் போட்டி இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

இதையெல்லாம் கேட்கும்போது நமக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டிலேயே ஒரு காலத்தில் கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்ச, தமிழ்ப்பாட்டு கடைசியில் வரும் துக்கடாவாக ஒதுங்கி நின்றது. தமிழ் இசைக்கு ஏற்ற மொழிதானா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருள் கொடுத்தார், கல்கி பேனா கொடுத்தார், தண்டபாணி தேசிகர் போன்றோர் குரல் கொடுத்தார்கள். பிராக் மக்கள் கேட்டதையேதான் அவர்களும் கேட்டார்கள். மற்ற மொழிப் பாட்டை விரட்ட வேண்டும் என்பதல்ல, எங்கள் மொழிக்கும் மேடையின் நடுவில் இடம் வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாவைச் சொல்கிறேன். வட்டாரத்தில் தொடங்கி, மாநிலம் கடந்து, தேசிய நிலை வரை பிள்ளைகள் வருகிறார்கள். சினிமாப் பாட்டு மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சம்பந்தர், அப்பர் பதிகத்தை மனனம் செய்து, பண்ணோடு ஓதுகிறது. யார் சொல்லி? போட்டி விதி சொல்லி. அந்த விதி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை காதில் அந்தப் பண் விழுந்திருக்குமா?

இதே அளவுகோலை நம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கும் வைத்துப் பாருங்கள். இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கும் இதில் பொறுப்பு உண்டு. குரல்வளத்துக்கு நம் பிள்ளைகளிடம் குறைவே இல்லை. ஆனால் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடுகின்றன. 'மழை' கேட்டால் 'மலை' வருகிறது. கைதட்டல் மட்டும் குறைவதில்லை. மங்கோலியாவிலிருந்து போனவர் மாஸ்கோவில் ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் உழைக்கும்போது, நாம் நம் எழுத்தையே விட்டுக் கொடுக்கலாமா?

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மூன்று யோசனைகளை இந்த மன்றத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பாட்டுப் போட்டியிலும் ஒரு சுற்று கட்டாயச் சுற்றாக இருக்கட்டும். அதில் தேவாரமோ, பாரதியார் பாடலோ, காவடிச்சிந்தோ, தோட்டப்புற நாட்டுப்பாடலோ, இந்த மண்ணின் கவிஞர் எழுதிய பாடலோ பாட வேண்டும் என்று விதிக்கலாம். இரண்டாவது, உச்சரிப்புக்கென்று தனிப் புள்ளியும், அதை வழங்கத் தமிழாசிரியர் ஒருவரும் நீதிபதி வரிசையில் இருக்கட்டும். மூன்றாவது, பாடுவதற்கு முன் பாட்டின் பொருளைப் போட்டியாளர் இரண்டு வரியில் தம் சொந்தச் சொல்லில் சொல்லட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு தாளில் நான்கு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும்.

பார்வையாளர் ஓடிவிடுவார்கள் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சலாம். 1989இல் கார்டிஃப் பார்வையாளர்களில் எத்தனை பேருக்கு ரஷ்யம் தெரியும்? நன்றாகப் பாடினால் மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

1861இல் ஒரு தாளில் எழுதிய விதியால் ஒரு மொழியின் பாட்டு இன்று உலக மேடையில் நிற்கிறது. அடுத்த பாட்டுப் போட்டிக்கு விதி எழுத உட்காரும் நம் மன்றங்களும் ஆலய நிர்வாகங்களும் நிலையத்தார்களும், பேனாவை எடுக்கும்போது இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.